சூரைச்செடியின் கீழே: கிராம சுகாதார ஊழியர்களின் பணிச்சோர்வைக் குறித்து ஒரு பாடம்



ஆஸ்பத்திரி ஊழியத்திற்காக நீங்கள் ஜெபிக்கும்போது நோயாளிகளை நினைக்கிறீர்கள். டாக்டர்களின் கைகளை ஆசீர்வதிக்கும்படி கேட்கிறீர்கள். இந்த இதழின் பாடப் பகுதியில் ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே இருக்கிறவர்களை நினைத்துப் பார்ப்போம். கிராமத்துத் துணை நிலையத்தில் தனியாக இருக்கும் நர்ஸ், பஸ் போகாத ஊர்களுக்கு ஸ்கூட்டியில் போகும் சுகாதாரப் பணியாளர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலை முழுவதும் வரிசையைப் பார்த்து முடிக்கும் இளம் டாக்டர் ஆகியோரைச் சொல்கிறேன். இவர்களுக்கு வரும் ஒருவகைச் சோர்வை ஆங்கிலத்தில் ‘பர்ன் அவுட்’ என்கிறார்கள். தமிழில் பணிச்சோர்வு என்று எழுதுகிறோம். விளக்கில் எண்ணெய் இருக்கும்வரை எண்ணெய்தான் எரிகிறது. எண்ணெய் தீர்ந்தபின் திரியே எரிகிறது. பார்க்கிறவனுக்குச் சற்று நேரம் இரண்டும் ஒரே வெளிச்சமாகத்தான் தெரியும்.

மேலே படிக்குமுன் 1 இராஜாக்கள் 19-ம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துக்கொள்ளுங்கள்.

எலியா கர்மேல் மலையில் பெரிய வெற்றியைக் கண்ட உடனேதான் இது நடக்கிறது. வெற்றிக்குப் பிறகு ஓட்டம். ஓட்டத்துக்குப் பிறகு வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே படுத்து, சாக வேண்டும் என்று கேட்கிறார். தேவதூதன் வந்து அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உன் விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்துச் சாப்பிடச் சொல்கிறான். எலியா சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். அதையும் யாரும் குறை சொல்லவில்லை. இரண்டாம் முறை எழுப்பி மறுபடியும் சாப்பாடு. ஓரேபில் தேவன் அவரோடு பேசுவது அதற்குப் பிறகுதான். அந்தப் பேச்சின் முடிவில் எலியாவுக்குக் கிடைத்தவை இரண்டு. இன்னும் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள், நீ தனியல்ல என்ற செய்தி ஒன்று. உன் இடத்துக்கு எலிசா என்ற ஆள் ஒன்று. நாம் பெரும்பாலும் மெல்லிய சத்தத்தைப் பற்றிப் பிரசங்கம் கேட்கிறோம். அடையையும் மாற்று ஆளையும் பற்றிய பிரசங்கம் எனக்கு அதிகம் வாய்த்ததில்லை.

இது எப்படிப்பட்ட சோர்வு?

இந்தச் சொல்லை மருத்துவ எழுத்தில் பரவச் செய்தவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பர்கர் என்ற மனநல நிபுணர். 1974-ல் எழுதினார். அவர் எந்த இடத்தைப் பார்த்து எழுதினார் என்பது நமக்கு முக்கியம். நியூயார்க்கில் ஏழைகளுக்கும் போதைக்கு அடிமையான இளைஞர்களுக்கும் நடத்தப்பட்ட இலவச மருத்துவ நிலையம் அது. சேவை மனதோடு வந்தவர்களின் இடம். அவர் கண்டது என்னவென்றால், சம்பளத்துக்காக மட்டும் வேலை செய்கிறவன் அவ்வளவு சீக்கிரம் எரிந்துபோவதில்லை; உள்ளத்தைக் கொடுத்து வந்தவர்களே முதலில் எரிந்துபோகிறார்கள். அவரும் அதில் அகப்பட்டவர்தான்.

1981-ல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதை அளக்க ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டார்கள். அதில் மூன்று அடையாளங்கள் உண்டு. முதலாவது, உள்ளம் வற்றிப்போதல். இரவு தூங்கி எழுந்தாலும் காலையில் களைப்பு அப்படியே இருக்கும். இரண்டாவது, மனிதரை மனிதராகப் பார்க்க முடியாமல் போதல். வாசலில் நிற்கிற பெண்ணின் பெயர் மறந்து, அவள் வெறும் ‘கேஸ்’ ஆகிவிடுவாள். மூன்றாவது, ‘நான் செய்து என்ன ஆகப்போகிறது’ என்ற நினைப்பு. உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் ஏறக்குறைய இதே மூன்றையும் சொல்லி, இது ஒரு நோய் அல்ல, வேலையிடத்தில் சமாளிக்கப்படாமல் நெடுநாள் நீடித்த அழுத்தத்தால் வரும் நிலை என்று எழுதியிருக்கிறது. நோய் என்றால் நோயாளிக்கு மருந்து கொடுத்து முடித்துவிடலாம். வேலையிடத்து நிலை என்றால் வேலையிடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாம் அடையாளத்தைத்தான் சபையார் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். முன்பெல்லாம் அன்பாகப் பேசிய சிஸ்டர் இப்போது எரிந்து விழுகிறார், கர்வம் வந்துவிட்டது, ஜெபம் குறைந்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். நான்காம் முறை கர்ப்பமாகி, ரத்தசோகையோடு, ஒரு இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடாமல் வந்து நிற்கும் பெண்ணிடம், ‘சொன்னா கேக்கவா போற, போ’ என்று ஒரு நர்ஸ் சொல்லும்போது, அது சுபாவம் கெட்டதன் அடையாளம் என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். இனி ஒருவருடைய துன்பத்தையும் உள்ளே வாங்க இடமில்லை என்று அவருடைய உள்ளம் கதவைச் சாத்திக்கொண்டிருக்கலாம். அப்படிச் சொல்லிவிட்டு இரவில் அதை நினைத்து அழுகிறவர்களும் உண்டு.

துணை நிலையத்தில் ஒரு நாள்

தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியரின் வேலையை எடுத்துக்கொள்வோம். சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசு வகுத்த அளவு. கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, வீட்டுக்கு வீடு போவது, புதன்கிழமை தடுப்பூசி, பிரசவமான தாயையும் சிசுவையும் போய்ப் பார்ப்பது, குடும்பநலம், காய்ச்சல் வந்தால் கணக்கெடுப்பு எல்லாம் ஒருவர் தலையில். இதோடு பதிவேடுகள். பதிவேட்டில் எழுதியதையே கம்ப்யூட்டரிலும் ஏற்ற வேண்டும். ‘பிக்மி’ எண் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழில் சிக்கல். மகப்பேறு உதவித்தொகை வராவிட்டால் ஊரார் கேட்பது நர்சம்மாவைத்தான். மிஷன் ஆஸ்பத்திரிகளின் கிராம நிலையங்களில் பதிவேட்டின் பெயர் மாறலாம், பாரம் அதிகம் மாறுவதில்லை.

இரவு பதினோரு மணிக்குக் கதவைத் தட்டி, ‘நர்சம்மா, பொண்ணுக்கு வலி எடுத்திருச்சு, கொஞ்சம் வந்து பாருங்கம்மா’ என்று ஒருவர் நிற்கிறார். போகிறார். ஆம்புலன்சில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது விடிகிறது. அன்று புதன்கிழமை என்றால் தடுப்பூசிப் பெட்டி காத்திருக்கிறது. இது ஒரு நாள் நடந்தால் சாட்சி சொல்லலாம். மாதத்தில் ஏழெட்டு நாள் நடந்தால் வேறு பெயர் சொல்ல வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவருக்கு ஒரு வசதி உண்டு. டியூட்டி முடிந்தால் சீருடையைக் கழற்றிவிட்டு வேறு தெருவில் போய் வெறும் மனுஷியாக இருக்கலாம். கிராமத்தில் நர்சம்மாவுக்கு அந்தத் தெரு இல்லை. கோயிலிலும் கல்யாண வீட்டிலும் அவர் நர்சம்மாதான். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரி தன் மாமியாரின் சர்க்கரை அளவைச் சொல்லுகிறாள். இது பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் பாசத்துக்கும் லீவு நாள் வேண்டும்.

எல்லாவற்றிலும் கனமானது மரணம். ஒரு தாய் பிரசவத்தில் இறந்தால் தமிழ்நாட்டில் அதை ஆராய்கிறார்கள். எங்கே தாமதமானது, யார் எப்போது பார்த்தார்கள், என்ன எழுதியிருக்கிறது என்று அதிகாரிகள் முன்பாக விசாரிக்கப்படும். இது நல்ல ஏற்பாடு. தாய்மார் இறப்பு இவ்வளவு குறைந்ததில் இந்த ஆய்வுக்கும் பங்கு உண்டு, அதை யாரும் கைவிடச் சொல்லக்கூடாது. என் கேள்வி வேறு. எட்டு மாதமாக அந்தப் பெண்ணின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தவர், அவளுடைய மூத்த பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டவர், அன்று இரவு யாரிடம் பேசினார்? ஃபைலை ஆயத்தப்படுத்தச் சொல்ல அநேகர் போன் செய்திருப்பார்கள். நீ எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று கேட்ட போன் எத்தனை?

புகழ்ச்சி போதாது என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2005-ல் தொடங்கிய ஆஷா திட்டத்தின் கிராமப் பெண்கள், கொரோனா காலத்தில் வீடு வீடாகப் போனார்கள். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது கொடுத்தது. 2025-ல் கேரளத்தின் ஆஷா பெண்கள் மதிப்பூதியத்தை உயர்த்தக் கேட்டுத் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன்னால் மாதக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

எது உதவுகிறது?

தனி மனிதர் செய்யக்கூடியவை உண்டு; அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுவது, தூக்கத்தைக் களவு கொடுக்காமல் இருப்பது, வேலையைப் பற்றி அல்லாமல் வேறு எதையாவது பேச ஒரு சிநேகிதி, மூச்சை நிதானமாக இழுத்து விடும் இரண்டு நிமிடம், காலை தியானம். இவை நல்லவை. தூக்கத்துக்கு மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் எடுப்பது கூடாது. மருந்து அலமாரி கையருகே இருப்பதால் சுகாதார ஊழியருக்கு இந்தச் சோதனை அதிகம். உயிரோடிருக்க விருப்பமில்லை என்று ஒருவர் விளையாட்டாகச் சொன்னாலும் அது களைப்பு மட்டும் என்று தள்ளாதீர்கள். மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்நேரமும் போன் செய்யலாம், தமிழிலும் பேசலாம்.

ஆனால் இவை மட்டும் போதாது என்பது ஆராய்ந்து பார்க்கப்பட்டது. டாக்டர்களின் பணிச்சோர்வுக்குச் செய்யப்பட்ட முயற்சிகளை ஆராய்ந்த 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வு 2017-ல் வெளிவந்தது. பலன் மொத்தத்தில் சிறியதுதான். எனினும் டாக்டருக்கு மட்டும் பயிற்சி கொடுத்த இடங்களைவிட, வேலை நேரத்தையும் வேலை முறையையும் மாற்றிய இடங்களில் பலன் அதிகமாக இருந்தது. மனதைத் திடப்படுத்திக்கொள் என்று சொல்வது செலவில்லாத உதவி. அதனால்தான் எல்லோரும் அதையே முதலில் கொடுக்கிறார்கள்.

மகாராஷ்டிரத்தில் ஜாம்கேட் என்ற வறண்ட பகுதியில் 1970-ல் டாக்டர் ராஜ் ஆரோளேயும் அவர் மனைவி டாக்டர் மேபெல் ஆரோளேயும் கிராம சுகாதார ஊழியத்தைத் தொடங்கினார்கள். இருவரும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். 1979-ல் மகசேசே விருது பெற்றவர்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிராமப் பெண்களைச் சுகாதார ஊழியர்களாக ஆக்கினார்கள் என்பதுதான் அவர்களைப் பற்றி எல்லோரும் சொல்வது. இந்தப் பாடத்துக்கு வேண்டியது மற்றொன்று. அந்தப் பெண்களை ஒருமுறை பயிற்சி கொடுத்துக் கிராமத்தில் விட்டுவிடவில்லை. வாரந்தோறும் மையத்துக்கு வரவழைத்தார்கள். கூடி உட்கார்ந்து அந்த வாரத்தில் நடந்ததைச் சொன்னார்கள். ஒருத்திக்கு வந்த சங்கடத்துக்கு இன்னொருத்தி தன் ஊரில் செய்ததைச் சொன்னாள். பல ஜாதியார் சேர்ந்து சாப்பிட்டார்கள். தன் ஊரில் தாழ்த்தப்பட்டவளாகவும் விதவையாகவும் ஒதுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, வாரத்தில் ஒருமுறை மதிப்போடு உட்கார ஓர் இடம் இருந்தது. எலியாவுக்குச் சொல்லப்பட்ட ஏழாயிரம் பேரை இந்தப் பெண்கள் வாரந்தோறும் கண்ணால் பார்த்தார்கள்.

லண்டனில் மைக்கேல் பாலிண்ட் என்ற மருத்துவர் 1950-களில் குடும்ப டாக்டர்களை இப்படித்தான் சிறு குழுவாகக் கூட்டினார். மனதை உறுத்தும் ஒரு நோயாளியைப் பற்றி ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். நோய்க்கு என்ன மருந்து என்பதல்ல பேச்சு; அந்த நோயாளியைப் பார்க்கும்போது உனக்குள் என்ன நடக்கிறது என்பதே. இன்றும் பல நாடுகளில் இது நடக்கிறது. இதற்குக் கட்டிடம் வேண்டாம், மெஷின் வேண்டாம். ஒரு மணி நேரமும், அந்த ஒரு மணி நேரம் வேலையைப் பார்த்துக்கொள்ள வேறொருவரும் வேண்டும்.

வேறொருவர் என்பதில்தான் எல்லாம் வந்து நிற்கிறது. ஒரு கணக்குப் போடுவோம். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்றால் வருஷத்துக்கு 52 நாள். லீவு 30 நாள். பண்டிகை 8 நாள். ஆக 90 நாள். எஞ்சியது 275 நாள். பிரசவ வலிக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது, நிலையம் 365 நாளும் திறந்திருக்க வேண்டும். மூன்று நிலையங்களில் மூன்று நர்சுகள் என்றால் அவர்களுடைய ஓய்வு நாட்கள் 270. அந்த 270 நாளை நிரப்ப நான்காவது ஒருவர் முழுநேரமும் வேண்டும். மூவருக்கு நால்வர். இந்த நால்வர் இல்லாத இடத்தில் ஓய்வு என்பது காகிதத்தில்தான் இருக்கும். நர்ஸ் லீவு கேட்கும்போதெல்லாம் அவர் எதிரே மேலதிகாரி நிற்பதில்லை, ஒரு கர்ப்பிணி நிற்கிறாள்.

நம் மிஷன் சரித்திரம் இதை அறியாததல்ல. மதுரை அமெரிக்க மிஷனார் 1845-ல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். சமவெளியின் வெயிலிலும் காய்ச்சலிலும் மிஷனெரிகள் மடிவதைக் கண்ட சங்கம், ஓய்வை ஊழியச் செலவில் ஒரு பகுதியாக எழுதிக்கொண்டது. மலைக்குப் போவதும், சில வருஷங்களுக்கு ஒருமுறை தாயகம் போவதும் அவர்களுக்கு வெட்கமாக இருக்கவில்லை. அது விசுவாசக் குறைவு என்று ஒருவரும் எழுதவில்லை. அதே மிஷனில் கம்பவுண்டராகவும் நர்சாகவும் வேதாகம ஸ்திரீயாகவும் உழைத்த நம்மவர்களுக்கு மலையில் பங்களா இல்லை. ஓய்வு சிலருக்கு ஏற்பாடாகவும், சிலருக்கு ஜெபக் குறிப்பாகவும் இருந்தது என்று சொன்னால் கடுமையாகத் தோன்றலாம். அந்த வித்தியாசம் முழுவதும் மறைந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை.

மாற்கு 6-ம் அதிகாரத்தில் சாப்பிடவும் நேரமில்லாத சீஷர்களை ஆண்டவர் வனாந்தரமான இடத்துக்கு இளைப்பாற அழைத்துப் போகிறார். அன்று நடந்தது நமக்குத் தெரியும். ஜனங்கள் கால்நடையாய் முந்திப்போய் அங்கே காத்திருந்தார்கள்; ஓய்வு போயிற்று. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்த வேதபகுதியை விளக்க வேண்டியதில்லை. ஆனால் மேலே வாசித்தால், அன்று மாலையே அவர் சீஷர்களை முதலில் படகில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஜனங்களை அனுப்பும் வேலையைத் தாமே செய்கிறார். கடைசி நோயாளியை அனுப்பும்வரை எல்லோரும் நிற்க வேண்டும் என்று இல்லை, ஒருவர் நின்றால் போதும்.

கொடுக்கிறவர்களிடம்

ஊழியங்களுக்கு வரும் காணிக்கைகளைக் கவனித்தால் ஒரு ஒழுங்கு தெரியும். ஸ்கேன் மெஷினுக்குக் கொடுப்பார்கள், ஆம்புலன்சுக்குக் கொடுப்பார்கள், வார்டு கட்டக் கொடுப்பார்கள், கல்வெட்டில் தாத்தா பாட்டி பெயர் வரும். ஏழை நோயாளியின் ஆபரேஷனுக்கு விதவை தன் காசைக் கொடுப்பாள். இவை எல்லாவற்றுக்காகவும் தேவனுக்கு ஸ்தோத்திரம். ஒரு நர்ஸ் பத்து நாள் தாய்வீட்டுக்குப் போக, அந்தப் பத்து நாளும் அவர் இடத்தில் நிற்கிறவருடைய சம்பளத்துக்கு என்று குறித்துக் கொடுக்கிறவரைக் காண்பது அரிது. அதில் கல்வெட்டு வைக்கவும் முடியாது.

ஊழியச் செய்திகளில் ‘இரவு பகல் பாராமல்’, ‘ஓய்வின்றி’ என்ற வார்த்தைகள் புகழ்ச்சியாக வருகின்றன. கொடுக்கிறவர்கள் அதை விரும்பி வாசிக்கிறார்கள் என்று எண்ணி எழுதுகிறார்கள். அதே பக்கத்தை அந்த நர்சும் வாசிக்கிறார் என்பதை எண்ண வேண்டும். ஓய்வில்லாததே தன் பெருமை என்று அச்சில் கண்டபிறகு அவர் எந்த வாயால் லீவு கேட்பார்?

சுகமளிக்கும் ஊழிய ஞாயிறு அன்றோ, வேறு நாளிலோ உங்கள் சபையிலிருந்து ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள். சுற்றிக்காட்டுகிறவர்கள் இந்த வருஷம் எத்தனை நோயாளிகள், எத்தனை பிரசவம் என்று சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு அன்போடு வேறு சிலவற்றையும் கேளுங்கள். கிராம நிலையத்து சிஸ்டர் கடைசியாக எப்போது வீட்டுக்குப் போனார்? போனபோது அவருடைய செல்போன் யாரிடம் இருந்தது? மூவருக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள்? பொறுப்பில் இருக்கிறவர்கள் சங்கடப்படலாம்; பணமில்லை என்பார்கள், அது பெரும்பாலும் உண்மை. அப்படியானால் எவ்வளவு வேண்டும் என்று கேட்டு, அந்தத் தொகையை எழுதிக்கொண்டு வந்து உங்கள் பெண்கள் ஐக்கியத்தில் வாசியுங்கள்.